இடதுகைக்காரரின் பட்டறை

பிஸ்கட் டின் மடியில் இருந்தது. மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். டின்னுக்குள் இருந்த கனம் அரைக் கிலோ தேறாது. பயம் மட்டும் சாத்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் ஏறியதிலிருந்து ரூபவதி டீச்சரின் தொண்டைக்குழியில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறது. மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் அவள், வெளியோரம் மாசானமுத்து, நடுவில் அவருடைய ரெக்சின் பை. பையை ஏன் நடுவில் வைத்தார்? பதினோரு வருஷமாக இரண்டு பேரும் எத்தனையோ பஸ்ஸில் போயிருக்கிறார்கள், ஊர் வாயில் விழுந்தும் எழுந்தும் ஆயிற்று, பை எப்போதும் அவர் காலடியில்தான் கிடக்கும். சர்வே ஆபீசில் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவன் நிலத்துக்கு எல்லை போட்ட மனுஷன் ஒரு பையைக் காரணமில்லாமல் நடுவில் வைப்பாரா? பைக்குள் அவருடைய அளவு நோட்டு இருக்கிறது. எந்தக் கல் எந்தப் பனையிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கிடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் படம் போட்டு வைத்திருக்கும் நோட்டு. நேற்றுவரை அவள் கேட்பதற்கு முன்னாலேயே எடுத்து நீட்டுவார். இன்று பஸ் ஏறும்போது கேட்டதற்கு, "இருக்கட்டும் டீச்சர், அங்க போய்ப் பாத்துக்கிடுவோம்" என்றார், அதுவும் டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டு. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத ஏதோ ஒன்று அந்த நோட்டில் இருக்கிறது. இல்லாவிட்டால், நோட்டில் இல்லாத ஏதோ ஒன்று இந்த டின்னில் இருக்கிறது.

டின்னில் இருப்பது பத்தொன்பது செதில்கள். சிக்கிமுக்கிக் கல், கருப்பட்டி நிறம், பெரியது பெருவிரல் நீளம், சின்னது நகமளவு. ஒவ்வொன்றும் மருந்துக்கடைக் காகித உறையில், பஞ்சு மேல், பக்கத்தில் ஒரு சின்ன அட்டைச் சீட்டோடு. ஆடிக் காற்று முடிந்ததும் தேரிக்குப் போவது அவர்கள் வழக்கம். செம்மணல் மேடு ஒரு காற்றில் இடம் மாறிவிடும். போன வருஷம் ஏறிய இடத்தில் இந்த வருஷம் இறங்கவேண்டியிருக்கும். அந்தப் பள்ளத்தில் எந்தக் காலத்து மனுஷனோ உட்கார்ந்து செதுக்கிப் போட்ட கல், நேற்றுத்தான் போட்டதுபோலக் கிடக்கும். கண்டவர் எடுக்கக்கூடாது என்பது மாசானமுத்து கொண்டுவந்த சட்டம். அளவைப் படிக்கிறவனும் எழுதுகிறவனும் ஒரே ஆளாக இருந்தால் வில்லங்கம் வரும் டீச்சர், என்பார். ஒருவர் கண்டால் மற்றவரைக் கூப்பிடவேண்டும், மற்றவர்தான் குனிந்து எடுக்கவேண்டும். நல்ல சட்டம். இப்போது யோசித்துப் பார்த்தால், எவ்வளவு வசதியான சட்டம். பத்தொன்பதையும் கண்டது அவர். "டீச்சர், இங்கன வாங்க, ஒரு கூட்டமே கெடக்கு" என்று ஒற்றைப் பனைக்கு மேற்கே நின்று கைகாட்டியது அவர். ஓடிப்போய், மூட்டுவலியை மறந்து மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்தது அவள். எடுத்தவள் கைரேகைதான் கல்லில் இருக்கும், கண்டவர் பெயர் காற்றோடு போகும். சரி, அவர்தான் கொண்டுவந்து போட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மனுஷன் எதற்காகப் போடவேண்டும்? பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. உறைக்குள் கற்கள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அவள் வலது கையால் மூடியை அழுத்திப் பிடித்தாள். ஆள்காட்டி விரல் அடியில் இருந்த பழைய தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கேட்கிறவர்களிடம் அருவாமணை பட்டது என்று சொல்லுவாள்.

வலது கை என்ன, இடது கை என்ன. அதுதானே எல்லாம். கல்லைக் கையில் பிடித்துத் தட்டுகிறவன், தட்டத் தட்ட அதைத் திருப்பிக்கொண்டே வருவான். வலதுகைக்காரன் ஒரு பக்கமாகத் திருப்புவான், இடதுகைக்காரன் மறுபக்கம். அதனால் வலதுகைக்காரன் உடைத்த செதில்களில் கல்லின் மேல்தோல் பெரும்பாலும் வலது ஓரத்தில் மிஞ்சியிருக்கும், இடதுகைக்காரன் செதில்களில் இடது ஓரத்தில். ஒன்றிரண்டை வைத்துச் சொல்லக்கூடாது, கூட்டமாகக் கிடைத்தால் சொல்லலாம். பத்தொன்பதில் பதினாறுக்கு இடது ஓரத்தில் தோல். எடுத்துவந்த அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இரண்டு தடவை எண்ணிவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, அறுபத்தோரு வயதுப் பொம்பளை அழுதாள். யாரோ ஒரு ஆள், ஆணோ பெண்ணோ, அந்த மணலில் உட்கார்ந்து இடது கையால் வேலை பார்த்திருக்கிறது. யாரும் தடுக்கவில்லை. ரிப்பனால் கையைப் பெஞ்சுக் காலோடு கட்டவில்லை. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டு முழுக்க அழகாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டிய பிள்ளையிடம் பீச்சாங்கையால எழுதுனா சரசுவதியும் வரமாட்டா சேசுவும் வரமாட்டாரு என்று ஞானப்பூ டீச்சர் சொன்னது மாதிரி யாரும் சொல்லவில்லை. இடக்கைக்காரியை எவன் கட்டுவான் என்று அப்பா கேட்டது மாதிரி யாரும் கேட்கவில்லை. (வலக்கையால் எழுதியும் எவனும் வரவில்லை, அது வேறு கதை.) சோத்தாங்கை எது என்று இப்போதும் ஒரு கணம் யோசித்துத்தான் காணிக்கைத் தட்டில் போடுகிறாள். முப்பத்துநாலு வருஷம் புவியியல் நடத்தியபோது கரும்பலகையில் சாக்பீஸ் வலக்கையில் முனகிக்கொண்டே இருந்தது. அதனால்தான் தேரிக் கற்களைப் பற்றி எழுதும் சென்னை ஆய்வாளர் ஒருவருக்கு உடனே எழுதிவிட்டாள். கடிதத்துக்குத் தலைப்பே கொடுத்தாள்: தேரியில் ஓர் இடதுகைக்காரரின் பட்டறை. அவரும் பதில் போட்டார். பன்னிரண்டாம் தேதி பாளையங்கோட்டை வருகிறேன், கொண்டு வாருங்கள், நீங்கள் சொல்வதுபோல இருந்தால் உங்கள் பெயரோடு என் கட்டுரையில் சேர்த்துக்கொள்கிறேன். பன்னிரண்டாம் தேதி இன்றுதான்.

நேற்று மாலை அந்தத் துணியை எடுத்திருக்கக்கூடாது. எடுத்தாயிற்று. தேரியில் கிடைக்கும் பழைய கல்லுக்கு ஒரு மினுமினுப்பு உண்டு, காலகாலமாக மணற்காற்று உரசி உரசி ஏற்றியது, பழைய வீட்டு வாசல்படி மாதிரி. லென்ஸை வைத்துப் பார்த்தபோது இந்தப் பத்தொன்பதில் ஒன்றில்கூட அது இல்லை. இத்தனை நாள் பார்க்கவில்லையா? பார்த்தாள், பார்க்கவேண்டியதை மட்டும் பார்த்தாள். பிறகு ஒன்றை ஈரத் துணியால் தேய்த்தாள். துணி சிவந்தது. நிஜமான பழைய கல்லில் செம்மண் நிறம் ஊறியிருக்கும், தேய்த்தால் வராது. இன்னும் தேய்த்தாள். கருப்பட்டி நிறம் போய் அடியில் சாம்பல் தெரிந்தது. சாம்பல். இந்த வட்டாரத்தில் சாம்பல் நிறச் சிக்கிமுக்கி கிடையாது. சாம்பல் கல் எங்கே கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும், வடக்கே சுண்ணாம்புக்கல் பூமியில், ஓடைகளில். மாசானமுத்துவின் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது அங்கேதான். ஒவ்வொரு பொங்கலுக்கும் போய்வருகிறார். அந்த ஓடைகளில் சாம்பல் கல் கிடக்கும் என்று அவருக்குச் சொன்னதே அவள்தான், ஆசிரியர் பயிற்சி முகாமுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன் என்று. தன் வாயாலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறாள். துணியை மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருக்கிறாள். பாளையங்கோட்டையில் இறங்கும் முன் அதை எடுத்து நடுவில் இருக்கும் பைமேல் விரித்து, இது என்ன அண்ணாச்சி என்று கேட்கவேண்டும். கேட்காமல் ஆய்வாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தால், அவர் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். இருபத்தைந்து வருஷமாகச் சேர்த்த அத்தனை கல்லும், ஆயிரத்து எண்ணூறு சீட்டும், சந்தேகக் கல்லாகப் போய்விடும்.

"பேய்க்குளம் வந்துட்டு" என்றார் மாசானமுத்து. யாரும் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சால் சும்மா இருக்க முடியாது. கீழே ஒரு பெண் பதநீர்க் கலயத்தைப் பஸ்ஸில் ஏற்றலாமா கூடாதா என்று கண்டக்டரோடு வழக்காடிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பொட்டலம் கடலை வாங்கிப் பிரித்து நீட்டினார்.

"எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"காலையிலயே ஒண்ணும் சாப்பிடல போலுக்கே."

"சாப்பிட்டாச்சு."

"அவசியம் இன்னைக்கே போவணுமா டீச்சர்? இன்னும் கொஞ்ச நாள் வச்சுப் பாத்துட்டுக் காட்டலாம்லா."

அவள் டின்னை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பார்த்தாயா. பயம் வந்துவிட்டது. கையும் களவுமாக அகப்படப் போகிறோம் என்று தெரிந்துவிட்டது. கடலைத் தோலை ஊதும்போதுகூட அந்தப் பக்கம் திரும்பி ஊதுகிறார். பெயருக்காகச் செய்திருப்பாரா? கட்டுரையில் அவர் பெயரும் வரும், ஊரில் போஸ்டர் ஒட்டமாட்டார்கள், ஆனாலும் பெயர் பெயர்தான். இல்லை, பெயருக்கு ஆசைப்படுகிற ஆள் இல்லை. போன வருஷம் பத்திரிகைக்காரர் வந்தபோது ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போய்விட்டார். அப்படியானால் விளையாட்டா? மெத்தப் படித்த டீச்சருக்குக் கல் தெரியுமா என்று சோதிக்கவா? ஏழாம் வகுப்போடு நின்றவருக்கு அவள் தினம் தினம் பாடம் எடுத்திருக்கிறாள். மேற்பக்கம் இது, அடி விழுந்த புடைப்பு இது, இதை அப்படிச் சொல்லக்கூடாது அண்ணாச்சி, இப்படிச் சொல்லணும். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருப்பார். சரி, அதுகூடப் பரவாயில்லை. பரவாயில்லை என்று நினைத்த அந்த இடத்தில்தான் மூன்றாவதாக ஒன்று எழுந்து வந்து நின்றது, நேற்றிலிருந்து அவள் கண்ணை மூடிக்கொண்டு தாண்டித் தாண்டிப் போன ஒன்று. அவள் இடதுகைக்காரி என்று அவருக்குத் தெரியும். தேரியில் யாரும் இல்லாதபோது இடது கையால் மணலைத் தோண்டுவதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள், சின்ன வயசுல அடிச்சுத் திருத்திட்டாங்க அண்ணாச்சி என்று சொல்லியும் இருக்கிறாள். தனிக்கட்டை, ரிட்டயராகிவிட்டாள், மூட்டு வேறு வலி, பாவம், சந்தோஷப்படட்டும் என்று, பெஞ்சாதி செத்த மனுஷன் உட்கார்ந்து கஷ்டப்பட்டு இடது கையால் பத்தொன்பது செதில் உடைத்து, செம்மண்ணில் புரட்டி, போட்டு வைத்திருப்பாரோ. இரக்கப்பட்டு. அவளுக்கு முகம் காந்தியது. ஏமாற்றினால் சண்டை போடலாம், கேலி செய்தால் திருப்பிச் செய்யலாம். இரக்கப்பட்டவனை என்ன செய்வது.

ஆனால் இடது கையால் உடைக்க அவருக்கு வருமா? அது அவ்வளவு லேசில் வராது. வலது கையாலேயே வராது. அவளுக்கே வரவில்லையே. ஆரம்பத்தில், மாசானமுத்துவை அறிவதற்கெல்லாம் முந்தி, புத்தகத்தில் படம் பார்த்து அவளும் முயன்றிருக்கிறாள். கோயில் விட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், தேரிக்குள் தூரமாக, ரெட்டையாகப் பிரிந்து நின்ற ஒரு உடைமரத்து நிழலில் உட்கார்ந்து. யார் கண்ணும் படாத இடம். கல்லைத் தட்டும்போது ஒரு வாசம் வரும், தீபாவளிக் கேப்பு வெடித்த வாசம், அது மூக்கில் ஏறினால் சந்தோஷமாக இருக்கும், ஏனென்று தெரியாது. ஒன்றும் உருப்படியாக வரவில்லை. கோணலும் மாணலுமாகச் சில்லு தெறித்தது. ஒருநாள் விரலடியில் ஆழமாகக் கிழித்து, கைக்குட்டை நனைந்து, எல்லாவற்றையும் அப்படியே மணலில் விட்டெறிந்துவிட்டு வந்தவள் பிறகு அந்த வேலைக்குப் போகவில்லை. அந்த மரம் எங்கேயோ வடக்கே, கொல்லாந்தோப்புப் பக்கம். அதை ஏன் இப்போது நினைக்கவேண்டும். இப்போது நினைக்கவேண்டியது பையை ஏன் நடுவில் வைத்தார் என்பது. கருங்குளம் தாண்டி பஸ் வளைந்தது. ஆற்றுப் பக்கத்து வயல் குளிர்ச்சி ஒரு நிமிஷம் உள்ளே வந்து போயிற்று. துணியை எடுத்துவிடலாம். செய்துங்கநல்லூரில் எடுத்துவிடலாம். செய்துங்கநல்லூரும் வந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள், நாலு பேர் ஏறினார்கள், கைப்பையின் ஜிப்பில் வைத்த விரல் வைத்தபடியே இருந்தது. ஏனென்றால் கேட்டுவிட்டால் அடுத்த ஆடிக்குத் தேரியில் அவள் தனியாக நடக்கவேண்டும். காண்பதையும் எடுப்பதையும் அவளே செய்யவேண்டும்.

"அண்ணாச்சி, அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க."

அவர் உடனே கொடுக்கவில்லை. கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், கையை வேட்டியில் துடைத்தார், பையைத் திறந்தார். "குடுக்கேன். ஆனா ஒண்ணு சொல்லணும். போன வாரம் எங்க ஆபீசு சாமிநாதன்ட்ட பழைய படத்தை வாங்கிப் பாத்தேன். நாங்க தொண்ணூத்தாறுல தேரிய அளந்த படம். இந்தப் பத்தொம்பதும் கெடந்த எடத்துல அப்ப ஒரு மரம் நின்னுருக்கு, பாத்துக்கிடுங்க. அடையாளம் போட்டுருக்கோம். ஆளுவ நெழலுக்கு ஒதுங்குற மரம். ரெட்டை உடை."

"அது வடக்கேல்லா."

"மணலு நகந்துருக்கு டீச்சர், பனை நகராதுல்லா. ஒத்தப் பனையிலருந்து மேக்க நூத்திப்பத்தடி. நான்தான் சங்கிலி புடிச்சேன். பொறவு கரிக்கு வெட்டிட்டானுவ."

அவள் நோட்டை வாங்கவில்லை. பஸ் ஓடிக்கொண்டிருந்தது, எதிரே லாரி ஒன்று காரணமில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அவள் டின்னைத் திறந்து, நேற்றுத் தேய்த்த செதிலை எடுத்து, எடுத்தது இடது கைதான், வலக்கையில் வைத்தாள். தழும்புக்கு நேராக அதன் கூர்முனை வந்து நின்றது. சாம்பல் நிறம். பயிற்சி முகாம் முடிந்து வரும்போது ஓடையில் பொறுக்கி, சேலைகளுக்கு நடுவே வைத்து, பெட்டி கனக்குதே டீச்சரம்மா என்று போர்ட்டர் முறைக்கக் கொண்டுவந்த நாலு சாம்பல் உருண்டைகள். அந்த நாலும் எங்கே போயின என்று இருபத்தைந்து வருஷத்தில் ஒருதரம்கூடத் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மேசையில் எண்ணிவிட்டு அழுதாளே, அது யாருக்காக அழுதது? பத்தாயிரம் வருஷத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது, நம் கையை அதற்குத் தெரியும் என்று இந்த மூன்று மாதமும் எத்தனை துணையாக இருந்தது. அங்கே யாரும் இல்லை. யாருக்கும் தெரியாமல் கோயில் சேலையோடு ஒளிந்து உட்கார்ந்திருந்த முப்பத்தாறு வயதுக்காரி ஒருத்திதான் இருந்தாள், அவளும் விரலைக் கிழித்துக்கொண்டு ஓடிவிட்டாள். மாசானமுத்துவைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. ஒரே நாளில் இந்த மனுஷனை எத்தனை தரம் கழுவிலேற்றினாள்.

"அண்ணாச்சி," என்றாள். செதிலை அவர் பக்கம் நீட்டினாள். "அண்ணாச்சி, இது நான் உடைச்சது. எல்லாமே. அந்த மரத்தடியில. பழசு எதுவும் இல்ல. எனக்கு மறந்துபோச்சு."

அவர் அவள் கையைப் பார்த்தார். தழும்பையும் பார்த்தார்.

"மறந்துட்டியளா?"

"எடம் மறந்துபோச்சு. கல்லும் நெறம் மாறிப்போச்சு. உங்களைச் சந்தேகப்பட்டேன் அண்ணாச்சி. நீங்க கொண்டாந்து போட்டியன்னு."

"நான் உங்களைல்லா சந்தேகப்பட்டேன்" என்றார். "எடுத்து வந்து கழுவும்போதே பாத்தேன், சாயம் எறங்கிச்சு. நீங்கதான் வச்சுட்டு, என்னைக் காண விட்டியளோன்னு நெனச்சேன். மூணு மாசமா ராவும் பகலும் இதே நெனப்பு. அதான் நோட்டைக் குடுக்கல. இதுல எங்கைப்பட எழுதுனது இருக்குல்லா."

"பொறவு ஏன் கூட வந்திய?"

"தனியா எப்படி அனுப்ப. அங்க அவரு ஏதாவது சொல்லிட்டார்னா?" அவர் நடுவிலிருந்த பையைத் தூக்கிக் காலடியில் வைத்தார். "இப்ப என்ன செய்யலாம்? எறங்கி எதுத்த பஸ்ஸுல திரும்பிருவமா? யாருக்குந் தெரியாது."

வி.எம். சத்திரம் வந்துவிட்டது. இன்னும் பத்து நிமிஷம். யாருக்கும் தெரியாது, உண்மைதான். டின்னைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, கற்களை ஆற்றுப் பாலத்திலிருந்து உதறிவிடலாம். உதறினால் இன்னொருத்தி எடுத்து இன்னொரு கதை கட்டுவாள். எடுத்த கல்லுக்குச் சீட்டு எழுதாமல் இருந்ததில்லை. ஒரு கல்லுக்கு எடுத்த இடம், காலம், செய்தவர் இவ்வளவும் தெரிந்துவிட்டால் எழுதித்தான் ஆகவேண்டும், அதுவும் செய்தவரைத் தெரிவது ஆயிரத்து எண்ணூறு சீட்டில் இதுதான் முதல் தடவை. "காட்டிட்டே போவோம் அண்ணாச்சி" என்றாள். "உள்ளதைச் சொல்லிருவோம். பழைய கல்லுகளைப் பாக்க அவரு ஒருநாள் வீட்டுக்கு வந்தா வரட்டும்." புது அட்டை ஒன்றை எடுத்து டின் மூடிமேல் வைத்தாள். பேனாவைத் திறந்தாள், வலது கையில் வைத்தாள், எடுத்து இடது கைக்கு மாற்றினாள். சுற்றிப் பார்க்கவேண்டும் என்று கழுத்து திரும்பப் பார்த்தது, திருப்பவில்லை. இடம், ஒற்றைப் பனைக்கு மேற்கே நூற்றுப்பத்து அடி, ரெட்டை உடை நிழல். காலம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். செய்தவர், என்று எழுதி நிறுத்தி, பிறகு தன் பெயரை எழுதினாள். எழுத்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாக இருந்தது, ரூ முக்கால் அட்டையை அடைத்துக்கொண்டது. பஸ் குலுங்கியது. மாசானமுத்து கையை நீட்டி, அட்டை அசையாதபடி அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.